வங்காநரி நடமாடும் காட்டில் கோழிக்குக் காவல் எது: கண்ணியா, நாயா, கூடா?

சேலம் மாவட்டம் வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் காட்டுக்கொட்டாயில் ஒரு கோழி காணோம் என்றால் உடனே நரி மேல்தான் பழி. எந்த நரி என்று யாரும் கேட்பதில்லை. வங்காநரி 2, 3 கிலோ எடைதான் இருக்கும்; வால் நுனி கறுப்பு. பெரும்பாலும் எலி, வெட்டுக்கிளி, கறையான், வண்டு, ஓணான், இலந்தைப் பழம் என்றுதான் தின்னும். அடைக்காத கோழிக்குஞ்சு கண்ணில் பட்டால் அதையும் விடாது, உண்மைதான். ஆனால் கடலைக்காட்டில் அது பிடிக்கும் எலிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். குள்ளநரி வேறு. 8, 10 கிலோ வரும், கூட்டாக ஊளையிடும், ஆட்டுக்குட்டியையே தூக்கும்.

கண்ணி வைப்பது இரண்டுக்கும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பொங்கலையொட்டி, முகத்தில் விழித்தால் நல்லது என்று வங்காநரியை வலை வைத்துப் பிடித்து ஊருக்குள் ஓடவிடும் வழக்கத்துக்கும் வனத்துறை அபராதம் விதித்திருக்கிறது. வங்காநரி இணை சேர்ந்து சினையாகும் பருவமே அதுதான். அந்த நேரத்தில் வலையில் சிக்கித் துள்ளுவது வயிற்றில் இருக்கும் குட்டிக்கும் ஆபத்து. நல்லது வேண்டுவோர் இதை யோசிக்க வேண்டும்.

நாய் பரவாயில்லை, குரைத்தே விரட்டிவிடும். ஆனால் அவிழ்த்துவிட்ட நாய் வளை வரை போய்க் குட்டிகளைக் கடித்துவிடும். வெறிநோய், டிஸ்டம்பர் என்னும் வைரஸ் நோய் இரண்டும் நாயிடமிருந்து நரிக்குத் தொற்றும். நாய்தான் வேண்டுமென்றால் தடுப்பூசி போட்டு, இரவில் கொட்டாய் ஓரமாகக் கட்டி வையுங்கள்.

என் ஓட்டு கூட்டுக்குத்தான். பஞ்சாரம் பகலுக்குச் சரி. இரவில் குள்ளநரி முட்டினால் கவிழ்ந்துவிடும். மெல்லிய கோழிவலையையும் கடித்துப் பிய்த்துவிடும். வெல்டிங் கம்பிவலை அடித்து, அடியில் ஓர் அடி ஆழம் மண்ணுக்குள் புதையுங்கள், இரண்டு நரியும் தோண்டக்கூடியவை. மேலேயும் மூட வேண்டும். செலவு ஒருமுறைதான். பொழுது சாய்வதற்குள் கோழிகளை அடைத்துவிட வேண்டும், நரி கிளம்பும் நேரம் அது. கோழிக்கழிவைத் தோட்டத்து ஓரம் கொட்டினால் கூடு கட்டியும் பயனில்லை, அந்த வாடைக்கே தினமும் வரும்.

வரப்போரம், கரட்டு ஓரம் பல வாய் உள்ள வளை இருந்தால் தை முதல் வைகாசி வரை அந்த இடத்தில் டிராக்டர் விடாதீர்கள். உள்ளே குட்டிகள் இருக்கலாம். ஆடி உழவுக்குள் அவை வளர்ந்து ஓடத் தொடங்கியிருக்கும்.