பட்டாவா, கன்ரரா? கொக்குவிலில் இருந்து சாவகச்சேரிக்கு ஒரு வீடு மாறல்

நல்ல நாள் பார்த்ததில் ஐப்பசி வந்து விழுந்தது. யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் இருந்து சாவகச்சேரிக்கு, போக 18 கிலோமீற்றர் அளவு. புகையும் குப்பையும் குறைவாக மாறவேணும் என்று நான் வாய் திறந்ததும், "சைக்கிளில கட்டியே கொண்டுபோகப் போறாய்?" என்று அம்மா கேட்டா. போரால் ஊரே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30இல் செம்மணி வழியாகச் சைக்கிளில் வீட்டையே கட்டி உருட்டிக்கொண்டு போன ஆக்களில் அவவும் ஒருத்தி. அதுக்குப் பிறகு நான் சைக்கிள் கதை எடுக்கவில்லை.

முதல் கேள்வி வாகனம். சின்ன வாகனம் என்றால் புகை குறைவு என்று நினைத்துப் பட்டா என்கிற குட்டி லொறியைத்தான் பேசப் போனேன். சாமான் பார்க்க வந்த ஓட்டுநர் அலுமாரிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பட்டாக்கு மூண்டு நடை வரும் தம்பி. கன்ரர் எண்டா ஒண்டு" என்றார். கன்ரர் என்றால் அதைவிடப் பெரிய லொறி.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவு காபனீரொட்சைட்டு வரும். பட்டா லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடுது என்று வைப்போம். மூன்று நடை, போக வர 108 கிலோமீற்றர். 7 லீற்றருக்குக் கொஞ்சம் மேலே, 19 கிலோ காபனீரொட்சைட்டு. கன்ரர் லீற்றருக்கு 7 தான் ஓடினாலும், ஒரே நடையில் 36 கிலோமீற்றர். 5 லீற்றர், 14 கிலோ. பட்டாக்காரர் இரண்டு நடையில் முடித்தால் சரிக்குச் சரி. அதனால் தனி ஆள், ஒரு கட்டில், ஒரு மேசை என்றால் பட்டாவே போதும். நாலு பேர் உள்ள வீட்டுக்குக் கன்ரர்.

பெட்டி பூட்டின இரண்டு சில்லு உழவு இயந்திரம், லாண்ட்மாஸ்டரை விட்டுவிட்டாய் என்பீர்கள். கொக்குவிலுக்குள்ளேயே ஒழுங்கை மாறிப் போகிறதென்றால் அதைவிட வசதி இல்லை. கன்ரர் திரும்பாத முடக்கிலும் பெட்டி வாசல்வரை வரும். ஏ9 வீதியில் பஸ்களுக்கு நடுவே அதில் அலுமாரி ஏற்றிப் போக எனக்குத் துணிவில்லை.

கொழும்புக்கோ அங்கிருந்து இங்கேயோ மாறுகிறவர்களுக்கு 400 கிலோமீற்றர். அங்கே வாகனத்தின் அளவைவிட, அது ஒரு பக்கம் வெறுமையாக ஓடுதா என்பதுதான் கேள்வி. சாமான் இறக்கிவிட்டுத் திரும்புகிற லொறியைப் பிடித்தால், எப்படியும் எரியப்போகிற டீசலில் உங்கள் வீடும் போய்ச் சேரும். விலையும் பேசலாம்.

கட்டுகிற விசயத்தில் நான் நன்றாகப் பிழை விட்டேன். கடையில் 20 புது மட்டைப் பெட்டி, ஒரு சுருள் பபிள் றாப், பிளாஸ்ரிக் ரேப். ஏற்றுகிற அன்று விடியவே மழை. முற்றத்தில் பத்து நிமிசம் நின்ற புத்தகப் பெட்டி ஒன்று, தூக்கினதும் அடி கழன்று சேற்றில் கொட்டுண்டது. பக்கத்தில் உரப்பைக்குள் இருந்த பாத்திரங்களுக்கு ஒன்றுமில்லை. உரப்பையும் பிளாஸ்ரிக்தான், ஆனால் அது ஏற்கெனவே வீட்டில் கிடந்தது, இனியும் தேங்காய் கட்ட உதவும். பெட்டிதான் வேணுமென்றால் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் பழக்கடைகளில் வெறும் அப்பிள் பெட்டி கேளுங்கள். புதுப் பெட்டியைவிடத் தடிப்பு, கைபிடிக்க ஓட்டையும் இருக்கும்.

அம்மா ஊறுகாய்ச் சாடியை என்னிடம் தரவில்லை. பனையோலைக் கடகத்தின் அடியில் வைக்கல் பரப்பி, பழைய நூல்சீலையால் சாடியை மூன்று சுற்றுச் சுற்றி இருத்தி, இடைவெளிக்குள் தலையணை உறைகளைத் திணித்தா. ஆட்டிப் பார்த்தா, சத்தமில்லை. நான் பபிள் றாப் சுற்றின கண்ணாடிக் குவளைகளில் இரண்டு வெடித்திருந்தன. கடகம் இப்போது குசினியில் வெங்காயம் வைத்திருக்கிறது. பபிள் றாப் என்ன செய்வதென்று தெரியாமல் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.

கழிக்கிற சாமானை வளவின் மூலையில் குவித்துக் கொளுத்துவது எங்கள் வழக்கம். பிளாஸ்ரிக்கைத் திறந்தவெளியில் எரிப்பது 2017இல் இருந்து தடை. பழைய இரும்பு, போத்தல் வாங்குகிறவர் ஒழுங்கைக்குள் வரும்வரை இரண்டு கிழமை பொறுத்தால் பாதி போய்விடும்.

அவரிடம் கொடுக்கக்கூடாதது குளிர்சாதனப்பெட்டி. அவர் எங்கள் பழைய பெட்டிக்கும் விலை சொன்னார். செம்புக் குழாயை வெட்டி எடுக்கத்தான். அந்தக் குழாய்க்குள் ஓடுகிற குளிரூட்டும் வாயு எது என்று பின்பக்க வில்லையைப் பார்த்தேன்: ஆர்134ஏ. இந்த வாயு காபனீரொட்சைட்டைவிட ஏறக்குறைய 1,400 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். குழாயை வெட்டி 100 கிராம் வெளியே போனால், 140 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமன். கன்ரர் அந்தத் தூரத்தைப் பத்துத் தரம் போய்வந்தால் வருகிற அளவு! இவ்வளவு நாளும் பட்டாவா கன்ரரா என்று மண்டையை உடைத்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புதுப் பெட்டிகளில் பல ஆர்600ஏ. அதில் இந்தப் பிரச்சினை மிகக் குறைவு, ஆனால் எரியக்கூடிய வாயு.

விற்கவில்லை. படுக்க வைக்காமல், கன்ரரின் முன்பக்கத்தில் நிமிர்த்தி, இரண்டு பக்கமும் மெத்தை வைத்துக் கயிற்றால் கட்டினோம். இறக்கினதும் பிளக்கைக் கொழுவ ஓடின தம்பியை மறித்து, கொம்பிரசருக்குள் இருக்கிற ஒயில் அடங்கட்டும், பின்னேரம் பார்ப்போம் என்றேன். ஐஸ் தண்ணி கேட்ட பிள்ளைகளுக்கு அன்றைக்குக் கிணற்றுத் தண்ணிதான்.