மேசைக் கணினியிலிருந்து பகிர்வதா, சிம் ரவுட்டரா?

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டில் கணினிகள் இரண்டு, இணைய இணைப்பு ஒன்று. என் மேசைக் கணினி முன்னறையில் இருக்கிறது. உயர்தரம் படிக்கும் மகளின் மடிக்கணினி இரண்டு கல் சுவர்களுக்கு அப்பால், பின்னறையில். மேசைக் கணினியில் செருகிய 4ஜி டொங்கிளின் (சிம் அட்டை போடும் சிறு கருவி) இணைப்பையே வைபை வழியாக அவளுக்கும் கொடுத்து ஏழு மாதம் ஓட்டினோம். இப்போது அதே சிம் அட்டை, கணினி இல்லாமலே வைபை தரும் ஒரு ரவுட்டரில் இருக்கிறது. இனிப் பழைய முறைக்குத் திரும்பமாட்டேன்.

பழைய முறைக்குச் செலவில்லை. வின்டோஸ் 10, 11 இரண்டிலும் இணைப்பை இப்படிப் பகிரும் மொபைல் ஹொட்ஸ்பொட் வசதி உள்ளேயே இருக்கிறது. எட்டுச் சாதனங்கள் வரை இணைக்கலாம். வேகத்திலும் பெரிய வித்தியாசத்தை நாங்கள் காணவில்லை.

ஆனால் பகிரும் கணினி எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். நான் வேலை முடித்து அணைத்தால் மகளுக்கு இணையம் இல்லை. அணைக்காமல் எழுந்து போனால் கணினி தானாக உறக்க நிலைக்குப் போய்விடும். அந்த அமைப்பை மாற்றினால் புதுப்பிப்புக்காக மறுபடி தொடங்கும். "அப்பா, திரும்பவும் போய்விட்டது" என்று பின்னறையிலிருந்து குரல் வரும். மின்வெட்டின்போதுதான் மனம் நொந்துபோகும். அவளுடைய மடிக்கணினியில் முக்கால்வாசி சார்ஜ் இருக்கும். இணைப்பைத் தரும் என் கணினி அணைந்துவிட்டதால் பாடம் பாதியில் நிற்கும். 2022இன் மின்வெட்டுகளைக் கடந்து வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மின்கட்டணத்தையும் பாருங்கள். திரையை அணைத்த பிறகும் என் கணினி 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகளுக்காக மட்டும் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 14 அலகு. 12 வோல்ட், 1 அம்பியர் ரவுட்டர் முழு அளவில் இழுத்தாலும் அதே நேரத்துக்கு மூன்று அலகைத் தொடாது. நம் நாட்டில் அலகு கூடி அடுத்த படிக்குப் போனால் நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும்.

ரவுட்டரை விரும்பிய இடத்தில் வைக்கலாம் என்பதும் பெரிய வசதி. மேசைக்கடியில் சுவரைப் பார்த்துக் கிடந்த, கணினியின் வைபை யூஎஸ்பி அடப்டர் எங்கே, நடு அறை அலுமாரியின் மேல் நிற்கும் ரவுட்டர் எங்கே! பின்னறைக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையே நல்லது. 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர்களைக் கடக்கும்போது மெலிந்துவிடும். வாங்கும்போது எல்லா நிறுவனங்களின் சிம்மையும் ஏற்குமா என்று கட்டாயம் கேளுங்கள். ஓரிரு நாள் தேவைக்கு மட்டும் என்றால் ரவுட்டர் வேண்டாம், ஹொட்ஸ்பொட் போதும்.

ரவுட்டருடன் 12 வோல்ட் சிறிய மின்கலப் பெட்டி ஒன்றையும் வாங்கினேன். மாரியில் இடி முழங்கத் தொடங்கியதும் அதன் செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுகிறேன், இணைப்பு அறுவதில்லை. இதுவரை இரண்டு மணி நேரம் தாங்கியிருக்கிறது. அதற்கு மேல் சோதித்துப் பார்க்கும் தேவை இன்னும் வரவில்லை.