ஒற்றை டிவி வீட்டில் ஒரு வீ யூ

நின்டெண்டோ நிறுவனம் 2012 நவம்பரில் வெளியிட்டு 2017 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்திய வீ யூ வீடியோ விளையாட்டுக் கருவியைச் சென்ற ஆண்டு பெங்களூரில் ஒரு பழைய பொருள் வியாபாரியிடம் 12,000 ரூபாய்க்கு வாங்கினேன். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி அது. நம் மின்சாரத்துக்கும் சரிப்படும் என்று அவர் உறுதியாகச் சொன்னார். அடாப்டரின் அடியிலோ 120 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. அதைப் படித்துப் பார்த்ததால்தான் கருவி பிழைத்தது. மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கிய பிறகே அதை இயக்கினேன்.

இதன் கைக்கட்டுப்பாட்டுக் கருவியான கேம்பேட் ஏறத்தாழ அரைக் கிலோ எடை உள்ளது, நடுவில் 6.2 அங்குலத் தொடுதிரை, இருபுறமும் பொத்தான்கள். கைபேசித் திரையைப் போல மெல்லத் தொட்டால் இது கேட்காது; நகத்தாலோ உடன் வரும் குச்சியாலோ சற்று அழுத்த வேண்டும். அல்சூரில் எங்கள் வீட்டில் டிவி ஒன்றுதான். மாலை ஏழு மணிக்கு மேல் அது அம்மாவின் தொடர்களுக்கு உரியது. அப்போது அக்காள் மகன் அதுவரை டிவியில் ஓட்டிக்கொண்டிருந்த மரியோ கார்ட் 8 பந்தயத்தை அப்படியே கேம்பேடின் திரைக்கு மாற்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறான். வீ யூ பெட்டியிலிருந்து படம் கம்பியில்லாமல் நேரடியாகக் கேம்பேடுக்கு வருவதால் இணையம் தேவையில்லை; தாமதமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் சுவர் குறுக்கிட்டால் படம் திக்கத் தொடங்கும். எங்கள் சமையலறை வரைகூட அது எட்டவில்லை.

கருவியின் தனித்தன்மை இதில் அன்று, ஒருவர் காண்பதை மற்றவர் காணாமல் ஆடுவதில் இருக்கிறது. நின்டெண்டோ லேண்ட் தொகுப்பில் ஒரு துரத்தல் ஆட்டம் உண்டு: கேம்பேட் வைத்திருப்பவர் மரியோவாக ஓடுவார், முழு வரைபடமும் அவர் திரையில் மட்டுமே தெரியும், டிவியைப் பார்த்து ஆடும் நால்வர் வரை, இதற்கு முந்தைய வீ கருவியின் ரிமோட்டுகளுடன், ‘நீலத்தில் இருக்கிறான், மஞ்சளுக்குப் போய்விட்டான்’ என்று தரையின் நிறத்தைக் கத்திக் கத்தி அவரைச் சுற்றி வளைக்க வேண்டும். கண்ணாமூச்சியை ஒரே அறையில், உட்கார்ந்த இடத்திலிருந்து ஆடுவது போன்ற இந்த ஆட்டத்துக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவே டிவியை விட்டுக்கொடுக்கிறார். மரியோ கார்ட் 8 பின்னர் நின்டெண்டோவின் அடுத்த கருவியான ஸ்விட்சுக்குப் போய்விட்டது. இது போகவில்லை, இரண்டு திரைகள் இல்லாமல் போகவும் முடியாது.

வருத்தம் என்னவென்றால், நின்டெண்டோவே இந்த உத்தியைச் சில ஆட்டங்களுக்கு மேல் வளர்க்கவில்லை. பலவற்றில் இரண்டாம் திரை வெறும் வரைபடமாகவோ பொருட்பையாகவோ நின்றுவிடுகிறது. கேம்பேட் என்பது முந்தைய வீ கருவிக்கான உபரிப் பாகம் என்றே பலர் எண்ணிவிட்டதும் சேர்ந்து, பத்துக் கோடிக்கு மேல் விற்ற வீயின் வாரிசு சுமார் 1 கோடியே 35 லட்சத்தோடு நின்றது.

இந்தக் கருவிக்கான இணையக் கடை 2023 மார்ச்சில் புதிய விற்பனையை நிறுத்திவிட்டது. இணையவழி ஆட்டமும் 2024 ஏப்ரலில் முடிந்தது. ஆகவே, இன்று வாங்குபவர் வட்டுகளை நம்பியே வாங்க வேண்டும். அமெரிக்கக் கருவியில் ஜப்பானிய, ஐரோப்பிய வீ யூ வட்டுகள் ஓடா. கேம்பேட் இல்லாத பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஏனெனில் அது இல்லாமல் அமைப்புகளுக்குள்கூட நுழைய முடியாது. புதிதாக இருந்தபோதே மூன்று முதல் ஐந்து மணி நேரம் தாங்கிய அதன் மின்கலம் இப்போது இன்னும் தளர்ந்திருக்கும். என்னுடையது ஒன்றரை மணி நேரம்தான் நின்றது. பின்மூடியின் திருகுகளைக் கழற்றினால் நாமே அதை மாற்றிவிடலாம்.