எண்ணூர்க் கடலில் ஒரு மழைக்காலத்தைத் தாங்கிய மீன் கூண்டு

எங்கள் குப்பத்து மகளிர் குழு 2024 ஆகஸ்டில் வாங்கிய, 6 மீட்டர் விட்டமுள்ள மிதவைக் கூண்டு, ஃபெஞ்சல் புயலையும் அதைத் தொடர்ந்த வாடைக்காற்றையும் கடலிலேயே நின்று தாங்கியது. ஆனால் கூண்டோடு வந்த நங்கூர வடத்தை மட்டும் நம்பியிருந்தால் அதை இழந்திருப்போம்.

வளையம் கெட்டியான பாலித்தீன் குழாயால் ஆனது. அலையை எதிர்த்து விறைத்து நிற்காமல், அதனோடு வளைந்து எழுந்து தாழ்வதே இதன் பலம். நவம்பர் 30 அன்று இரவு புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இங்கும் கடல் கொந்தளித்தது. படகு இறக்க முடிந்த முதல் நாளில் போய்ப் பார்த்தோம். கைப்பிடிக் குழாய் ஒன்றில் விரிசல் விட்டிருந்ததே தவிர, வளையத்தில் பழுதில்லை.

குறை வடத்தில்தான். ஐந்து பாகம், அதாவது சுமார் முப்பதடி ஆழத்தில் நிற்கும் கூண்டுக்கு, ஆழத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளமே கொடுத்திருந்தார்கள். பேரலை கூண்டைத் தூக்கும்போது குட்டையான வடம் விறைத்து நங்கூரத்தையே பிடுங்கிவிடும். வடம் நீளமாக இருந்து அடியில் கனத்த சங்கிலியும் கிடந்தால், இழுவையின் வேகத்தைச் சங்கிலியின் எடை வாங்கிக்கொள்ளும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்தவுடன் இதைச் சொன்னதால், கைக்காசு போட்டு ஆழத்தைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் நீளமுள்ள வடமாக மாற்றினோம். இந்தச் செலவை விற்பவர்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

மாற்று வலை ஒன்றைச் சேர்த்துத் தருவது மிகவும் நல்ல ஏற்பாடு. கொட்டலசு என்னும் ஓடுள்ள ஒட்டுயிரிகளும் பாசியும் அப்பிய வலை நீரோட்டத்தை மறித்து, புயல் நேரத்தில் கூண்டையே இழுத்துக்கொண்டு போகும் என்பதால், அக்டோபருக்குள் வலையை மாற்றிவிட்டோம். புயல் எச்சரிக்கை வந்ததும் தீனியை நிறுத்தினோம். வயிறு காலியான மீனுக்குப் பிராணவாயு குறைவாகவே தேவைப்படும்.

நாங்கள் வளர்த்தது கொடுவா. கடல் விரால் வேகமாக வளரும் என்றாலும், கொசஸ்தலையாற்று வெள்ளம் வந்து நீரின் உப்பு வெகுவாகக் குறைந்தால் தாங்காது. கொடுவாவோ நன்னீரிலும் வாழும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இலேயே இதைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்கச் செய்திருக்கிறது. ஒன்றையொன்று தின்னும் இனமாகையால், அளவு பார்த்துப் பிரிக்கும் வேலை மட்டும் ஓயாது.

இந்தக் கடலுக்கு வேறொரு சோதனையும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், முகத்துவாரமெங்கும் பரவிப் படகிலும் வலையிலும் படிந்ததை நாங்கள் மறக்கவில்லை. அப்படி ஒரு நாளில் எவ்வளவு உறுதியான வளையமும் மீனைக் காக்காது, கூண்டை அவிழ்த்து இழுத்துச் செல்வதுதான் வழி. இதிலோ இழுவை வளையங்கள் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கின்றன. நான்கு பக்கமும் வைத்துத் தரச் சொல்லி, இரண்டாவது கூண்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம். வடத்தையும் சங்கிலியையும் எங்கள் அளவுக்குத் தனியாக வாங்கிக்கொள்கிறோம்.