பழைய சாய மிஷின் போர்டில் இசட்80: அதே சிப்பா, சீமாஸா, பிஎல்சியா?

திருப்பூர், பெருந்துறைப் பக்கம் முப்பது வருடத்து சாய மிஷின்கள் இன்னும் ஓடுகின்றன. இரும்பு தேயவில்லை, மக்கர் செய்வது கன்ட்ரோல் பெட்டிக்குள் இருக்கும் போர்டு. அதில் இசட்80 என்னும் பிராசசர் சிப் இருந்தால் என்ன செய்யலாம்?

முதலில் சிப்பின் முதுகைப் படியுங்கள். 'இசட்0840004பிஎஸ்சி' என்றால் என்மாஸ் என்னும் பழைய தயாரிப்பு வகை, 4 மெகாஹெர்ட்ஸ், 0 முதல் 70 டிகிரி வரை. 'இசட்84சி0008பிஇசி' என்றால் சீமாஸ் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிந்தைய வகை), 8 மெகாஹெர்ட்ஸ், 100 டிகிரி வரை தாங்கும். 84-க்கு அடுத்து 'சி' வருகிறதா என்பதுதான் விஷயம். கூடவே 9342 என்றிருந்தால் 1993-இன் 42-வது வாரத்துச் சரக்கு.

படித்த கையோடு சிப்பின் மேல் பழி போட வேண்டாம். 11, 29-ஆம் கால்களுக்கு இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் வேண்டும். 6-இல் கிளாக், 26-இல் ரீசெட் 5 வோல்ட் பக்கம். 27-ஆம் காலில் துடிப்பு ஓடினால் பிராசசருக்கு உயிர் இருக்கிறது. அப்போது ஈப்ராம் (புரோகிராம் இருக்கும் சிப்), ராம் (தற்காலிக நினைவக சிப்) பக்கம் போங்கள். ஈரமும் ஆவியும் ஏறி சாக்கெட் கால் கறுத்த போர்டு, சிப்பைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே எழுந்துகொள்வதும் உண்டு.

அதே என்மாஸ் சிப்பைப் போட்டால் சர்க்யூட்டில் கை வைக்க வேண்டாம். ஆனால் தனி இசட்80-க்கான ஆர்டரை அதைத் தயாரித்த ஜைலாக் கம்பெனி 2024 ஜூனோடு நிறுத்திவிட்டது. இனி கிடைப்பது பழைய ஸ்டாக், ஸ்கிராப்பில் பிடுங்கியது, அல்லது தேய்த்து மறுபடி அச்சடித்தது. பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்க்கையில் கறுப்பு ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் ஓட்டு சீமாஸுக்கு. சூடு குறைவு, கால் வரிசை அதேதான். சிக்கல் இரண்டு. 16, 17, 24, 25-ஆம் கால்களில் எதையாவது அந்தரத்தில் விட்டிருந்தால் போர்டு நினைத்த நேரத்தில் உறைந்து நிற்கும். 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள். இன்னொன்று, கையேட்டில் இல்லாத 'அவுட் (சி),0' கட்டளை: என்மாஸ் 0 அனுப்பும், சீமாஸ் 255 அனுப்பும். புரோகிராமில் அது இருந்தால் வால்வுகள் மொத்தமாகத் திறந்துகொள்ளலாம். போலிச் சிப்பைப் பிடிக்கவும் இதே கட்டளை உதவும்.

8 மெகா சிப்பு போட்டால் மிஷின் வேகமாகும் என்பது வெறும் ஆசை. வேகத்தைத் தீர்மானிப்பது கிரிஸ்டல். அதையும் இரு மடங்கு வேகத்துக்கு மாற்றினால் லூப் எண்ணி நேரம் கணக்கிடும் புரோகிராமில் 30 நிமிட ஹோல்டிங் (ஒரே சூட்டில் வைத்திருக்கும் நேரம்) 15 நிமிடமாகிவிடும். லாட் முழுக்க ஷேடு போய்விடும்.

பழைய போர்டையே தூக்கிவிட்டு பிஎல்சி (புரோகிராம் செய்யக்கூடிய தொழிற்சாலை கன்ட்ரோலர்) போடுவது செலவு அதிகம், ஆனால் சாய மிஷினுக்குப் பொருந்தும்: சூடு அளக்க ஒரு பிடி100 சென்சார், ஸ்டீம் வால்வுக்கு 4–20 மில்லி ஆம்பியர் சிக்னல், சில ரிலே, முடிந்தது. 130 டிகிரி வரை போகும் மிஷின் என்றால் மூடி இன்டர்லாக்கை (உள்ளே அழுத்தம் இருக்கையில் மூடியைத் திறக்கவிடாத தடுப்பு) புரோகிராமை மட்டும் நம்பி விடாமல் தனி வயரிங்கிலும் கட்டியாக வேண்டும். ஊசி ஊசியாகத் தேர்ந்தெடுக்கும் பிளாட் நிட்டிங் மிஷினில் பிஎல்சி யோசனையே வேண்டாம். அங்கே ஈப்ராமை இரண்டு முறை காப்பி எடுத்து, செக்சம் (சரிபார்ப்புக் கூட்டுத்தொகை) ஒத்துப்போன பிறகு சிப்பைத் தொடுங்கள்.