லாவ் பா சாட்: மீன் விற்க வார்த்த இரும்பு

சிங்கப்பூர் ராபின்சன் சாலைப் பக்கம் கப்பல் சரக்குக் கணக்கு எழுதும் அலுவலகத்தில் எனக்கு 22 வருட வேலை. வாரத்தில் மூன்று நாளாவது மதியச் சாப்பாடு லாவ் பா சாட் உணவங்காடியில்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கூட்டிப்போவதும் இங்கேதான். போன மாதம் தேவகோட்டையிலிருந்து மாமா வந்திருந்தார். பூன் டாட் தெருப் பக்கமாக உள்ளே நுழைந்தவர் கடைகளைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாப்ளே, இது முன்னாடி ரயில் ஸ்டேஷனா?"

"இல்ல மாமா, மார்க்கெட். மீன், காய்கறி வித்த இடம்."

"மீன் விக்கவா இவ்வளவு வேலை பாத்திருக்கான்?"

அந்தக் கேள்விக்கு நின்ற இடத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன். சாப்பாட்டைப் பற்றியும் சொல்கிறேன், ஆனால் வெறும் சாப்பாட்டுக்கு என்றால் இந்த ஊரில் போவதற்கு எத்தனையோ இடம் உண்டு. இந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுவதுதான் விஷயம்.

கட்டடத்துக்கு எட்டுப் பட்டை. சுற்றிலும் சுவரே கிடையாது. நடுவில் மணிக்கூண்டு. அதிலிருந்து கூரை அடுக்கடுக்காக இறங்கி வருகிறது. அடுக்குகளுக்கு இடையே இருக்கும் சந்து வழியாகச் சூடான காற்று மேலே போய்விடும். தாங்கி நிற்பவை எல்லாம் வார்ப்பிரும்புத் தூண்கள். தூணும் வளைவும் சேரும் மூலையில் இரும்பிலேயே சல்லடை போட்டது மாதிரி பூவேலை செய்திருக்கிறார்கள். கிட்டப் போய் விரலை வைத்துப் பாருங்கள். வருடா வருடம் பூசிய பெயின்ட் ஏறி ஏறி, பூவின் விளிம்பெல்லாம் மழுங்கி, கோயில் தூணில் எண்ணெய் படிந்த சிற்பத்தைத் தொடுவது போல இருக்கும். மீன் செதிலும் கோழி இறகும் தெறிக்கப்போகிற இடம் என்று தெரிந்தே செய்த வேலை இது.

இரும்பு வந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலிருந்து. வால்டர் மெக்ஃபார்லேன் என்ற வார்ப்படக் கம்பெனி தூண்களையும் வளைவுகளையும் வார்த்துக் கப்பலில் ஏற்றி அனுப்பியது. இங்கே அவற்றைப் பூட்டி நிறுத்தினார்கள். திட்டம் போட்டவர் ஜேம்ஸ் மெக்ரிட்சி, சிங்கப்பூர் நகராட்சியின் இன்ஜினியர். சந்தை திறந்தது 1894இல். அதே சமயத்தில்தான் அவர் ஊருக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கத்தையும் பெரிதாக்கி முடித்தார். இன்று மெக்ரிட்சி நீர்த்தேக்கம் என்று ஞாயிற்றுக்கிழமை நாம் நடக்கப் போகிறோமே, அதுதான். அடுத்த வருடமே காலமாகிவிட்டார். ஊருக்குத் தண்ணீரும் சாப்பாடும் ஒரே மனிதரின் மேஜையிலிருந்து வந்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைந்துவிடும்.

ஆனால் எட்டுப் பட்டை அவருடைய யோசனை இல்லை. அது அதற்கு முந்தியது.

1819இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் இங்கே இறங்கி, சுங்கம் இல்லாத துறைமுகம் என்று அறிவித்தார். இறக்குமதிக்கு வரி இல்லை, ஏற்றுமதிக்கும் இல்லை. கப்பல்கள் வந்து குவிந்தன. சரி, வரி இல்லாமல் ஊரை எப்படி நடத்துவது? போலீசுக்கு, ரோட்டுக்கு, விளக்குக்குப் பணம்? குத்தகைதான் வழி. அபின் விற்கும் உரிமை, சாராயம் விற்கும் உரிமை, சூதாட்டம் நடத்தும் உரிமை ஆகியவற்றை 1820இல் ஏலம் விட ஆரம்பித்தார்கள். அதிகம் கேட்டவர் எடுத்துக்கொண்டு அரசாங்கத்துக்கு மாதா மாதம் கட்டுவார், மக்களிடம் வசூலித்துக்கொள்வார். சூதாட்டக் குத்தகையை 1829இல் நிறுத்திவிட்டார்கள். அபின் வருமானம் பல தலைமுறைக்கு ஓடியது. வியாபாரிக்கு வரி வைக்காத ஊர், கூலி ஆளின் அபின் குழாயிலிருந்து தன் செலவுக்கு எடுத்துக்கொண்டது. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பேரேட்டில் எனக்கு உறுத்தும் பக்கம் இதுதான்.

சந்தையும் அந்த வரிசையில் ஒன்று, ஆனால் நல்ல வகை. கடைக்கு வாடகை வரும், ஊருக்குச் சாப்பாடும் வரும். தெலுக் ஆயர் கடலோரத்தில் முதல் சந்தை 1825இல் எழுந்தது. கடலுக்குள் மரக்கால்களை நட்டு அதன் மேல் கட்டினார்கள். படகு நேராகச் சந்தைக்கு அடியில் வந்து சரக்கை ஏற்றிவிட்டுப் போகலாம், மிச்சம் மீதியை அலை எடுத்துக்கொண்டு போகும். அப்புறம் ஜார்ஜ் கோல்மன் என்ற ஐரிஷ்காரர் 1838இல் அதை எட்டுப் பட்டையாகத் திருப்பிக் கட்டினார். தெலுக் என்றால் மலாயில் விரிகுடா, ஆயர் என்றால் தண்ணீர். இன்று சந்தையில் நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து நீராவிக் கப்பல்கள் பெருகியதும் கரையில் இடம் போதவில்லை. 1879இல் குன்றை வெட்டி மண்ணைக் கொட்டிக் கடலைத் தூர்க்க ஆரம்பித்தார்கள். பழைய சந்தை போனது. மெக்ரிட்சி புதிய நிலத்தில் புதுச் சந்தையைக் கட்டியபோது கோல்மனின் எட்டுப் பட்டையை மட்டும் மறக்காமல் கொண்டுவந்து சேர்த்தார்.

மாமாவை அன்று மதியம் தெலுக் ஆயர் தெருவுக்கும் நடத்திக் கூட்டிப்போனேன், ஐந்து நிமிட நடைதான். நாகூர் ஆண்டவர் பேரில் தமிழகக் கரையிலிருந்து வந்த நம் சூலியா முஸ்லிம்கள் 1828இல் கட்டத் தொடங்கிய தர்கா அங்கே இருக்கிறது. கொஞ்சம் தள்ளி சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயில். இரண்டுமே அந்தக் காலத்தில் கடலைப் பார்த்து நின்றவை. கரை இறங்கியவர்கள் பிழைத்து வந்ததற்கு முதலில் இங்கேதான் நன்றி சொன்னார்கள். மாமா தர்கா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றார்.

சந்தையை ஒட்டி ஓடும் கிராஸ் ஸ்ட்ரீட்டுக்கும் ஒரு தமிழர் கதை உண்டு. ராஃபிள்ஸோடு 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டு, கையில் காசு சேர்ந்ததும் இந்தத் தெருவில் துணிக்கடை வைத்தார். 1822இல் கடை எரிந்து போனது. கடன்காரர்கள் கழுத்தைப் பிடிக்க, ராஃபிள்ஸிடமே போய் உதவி கேட்டு, இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ் இருக்கும் இடத்தில் மனை வாங்கி மறுபடி எழுந்தார். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் அவர் ஆரம்பித்து வைத்தது. முதல் சந்தை எழுந்த அதே 1825இல் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகளையும் கொண்டுவந்தார்கள். சென்னை ராஜதானியிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நாடு கடத்தப்பட்டவர்கள். ரோடு போட்டது, பாலம் கட்டியது, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பைப் பூசியது எல்லாம் அவர்கள்தான். அந்தச் சுவர் இன்றும் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. எந்தக் கல்வெட்டிலும் அவர்கள் பேர் என் கண்ணில் பட்டதில்லை.

என் சொந்தக் கணக்குக்கும் இந்தச் சந்தையில் ஒரு வரி இருக்கிறது. அப்பாவின் தாத்தா மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் சமையல்காரர். கிட்டங்கி என்றால் கீழே நீளமான ஒரே கூடம், ஆளுக்கு ஒரு மரப்பெட்டி, பெட்டிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து வட்டிக் கணக்கு. பெட்டியடி என்பார்கள். வரவு செலவும் அங்கேதான், ராத்திரி படுக்கையும் அங்கேதான். அத்தனை பேருக்கும் மூன்று வேளை சமைக்க, விடியற்காலையில் சாக்கோடு இதே சந்தைக்கு, அன்று தெலுக் ஆயர் சந்தை, போய்க் கத்திரிக்காயும் வெண்டைக்காயும் வாங்கி வருவாராம். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டார், கடைக்காரர் மலாயில் திட்டுவார், இவர் தமிழில் திட்டுவார் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கிட்டங்கிகளை இடித்து உயரக் கட்டடங்கள் கட்டிவிட்டார்கள். சந்தை மட்டும் நிற்கிறது.

நின்றதற்கும் அந்த இரும்புதான் காரணம். 1973இல் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள், அதை ஒட்டியே உணவங்காடியாகவும் மாற்றினார்கள். 1986இல் அடியில் எம்ஆர்டி நகர ரயிலுக்குச் சுரங்கம் தோண்ட வேண்டி வந்தபோது கட்டடத்தையே கழற்றிவிட்டார்கள். செங்கல் கட்டடமாக இருந்தால் முடியுமா? துண்டு துண்டாகக் கப்பலில் வந்து பூட்டியது என்பதால் துண்டு துண்டாகவே பிரித்து வைத்து, பிறகு அதே இடத்தில் மறுபடி பூட்ட முடிந்தது. அதற்குள் லாவ் பா சாட் என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியில் லாவ் என்றால் பழைய. பா சாட் என்பது மலாய் பாசார், அதற்கும் பின்னால் பாரசீக பஜார். நாம் பஜார் என்று சொல்கிறோமே, அதே சொல்தான் சுற்றி வந்து சீன வாயில் இப்படி ஆகியிருக்கிறது.

இப்போது சாப்பாடு. மதியம் 12 மணியிலிருந்து ஒன்றரை வரை போகாதீர்கள். சுற்றி இருக்கும் பேங்க் கூட்டம் முழுக்க இங்கேதான், மேஜைக்கு மேஜை டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்திருப்பார்கள். காலியாக இருக்கிறதே என்று உட்கார்ந்துவிட வேண்டாம், அந்த பாக்கெட்டுக்கு இந்த ஊரில் பெரிய மரியாதை. 11 மணிக்கோ இரண்டு மணிக்குப் பிறகோ போங்கள். ஏசி கிடையாது. மெல்லிய பருத்திச் சட்டை நல்லது, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் தேடுங்கள். நகரத்து நடுவில் இருப்பதால் விலை குடியிருப்புப் பேட்டை அங்காடிகளைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தியக் கடைகளில் தோசையும் ரொட்டி பராட்டாவும் கிடைக்கும். அன்று ஒரு கடையில் வாங்கிய மீன் சூப் ஆறிப்போய் வந்தது, திருப்பிக் கொடுத்ததும் முகம் கோணாமல் சூடாக்கித் தந்தார்கள். சூடு இருந்தால்தான் அந்த சூப்புக்கு இஞ்சி மணம் எழும்பும், வாங்கும்போதே தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துக்கொண்டு போய் வைக்க வேண்டும், அது இப்போது சட்டம்.

காசு கொடுக்கும்போது மாமா கேட்டார், "டாலரை எதுக்குடா வெள்ளிங்கிறீங்க?" நல்ல கேள்வி. அந்தக் காலத்தில் இந்தச் சந்தையில் புழங்கியது ஸ்பெயின் வெள்ளி நாணயம். கம்பெனிக்காரர்கள் இந்திய ரூபாயைக் கொண்டுவரப் பார்த்தார்கள், இங்கே இருந்த வியாபாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. 1867இல் சிங்கப்பூர் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து லண்டனின் நேரடி ஆளுகைக்குப் போனதும் டாலரே நிலைத்தது. நம் ஆட்கள் கையில் இருந்ததைப் பார்த்து வெள்ளி என்றார்கள். காகிதமாகி, பிளாஸ்டிக்காகி, போனில் தட்டுவதாகியும் வெள்ளி வெள்ளிதான்.

சாயங்காலம் மறுபடி போனோம். என்னைக் கேட்டால் அதுதான் நேரம். ஏழு மணி வாக்கில் பூன் டாட் தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு ரோட்டின் நடுவில் மேஜை நாற்காலி போடுவார்கள். வரிசையாகச் சாத்தே அடுப்புகள், குச்சியில் கோத்துக் கரியில் சுடும் இறைச்சிதான் சாத்தே. கரிக்கு விசிறுகிற புகை சந்தையின் இரும்பு வளைவுக்குள் போய் மணிக்கூண்டு வரைக்கும் ஏறும். கோழி, ஆடு இரண்டும் வாங்கினோம். கூடவே நறுக்கிய வெங்காயம், வெள்ளரிக்காய், அரிசியை ஓலையில் அழுத்தி வேகவைத்த கெத்துப்பாட், தொட்டுக்கொள்ள நிலக்கடலைக் குழம்பு. மசாலாவில் மஞ்சளும் மல்லியும் முன்னால் தெரிந்தது. கோழியைவிட ஆடுதான் நன்றாக இருந்தது, ஓரத்தில் கருகிய கொழுப்பு கடிக்கும்போது கரைந்தது. மாமா முதலில் இரண்டு குச்சி போதும் என்றார். கடைசியில் தட்டில் 14 குச்சிகளை எண்ணி அடுக்கி வைத்தார்.

சந்தை ஓரத்து மேஜையாகப் பார்த்து உட்காருங்கள், முகம் உள்பக்கம் இருக்கட்டும். விளக்கு போட்டதும் மூலைக்கு மூலை அந்தப் பூவேலை தனித்தனியாகத் தெரியும். மாமா கை கழுவிவிட்டு வருகிற வழியில் ஒரு தூணருகே நின்று உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்து, "தாத்தா இங்கதான் வெண்டைக்கா ஒடிச்சாரா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா, இந்தக் கூரைக்குக் கீழதான்."

இன்னொரு பத்து குச்சி சொல்லச் சொன்னார்.