மீன் டிஃபரன்ஸ்: பல வருஷமா யூஸ் பண்றவனோட அனுபவம்

பல ஸ்டடியோட முடிவை ஒண்ணா சேக்கற மெட்டா அனாலிசிஸ்ல எனக்கு முதல் சாய்ஸ் எப்பவும் மீன் டிஃபரன்ஸ்தான், அதாவது ரெண்டு குரூப்போட சராசரிக்கு நடுவுல உள்ள வித்தியாசம். முன்னாடி ரெவ்மேன் சாஃப்ட்வேர்ல போட்டேன், இப்போ ஆர் சாஃப்ட்வேர்ல. காரணம் ரொம்ப சிம்பிள், யூனிட் தொலையாது. 2015ல வந்த ஸ்பிரிண்ட்ங்கற பிபி ட்ரையல்ல ஒரு வருஷம் கழிச்சு சராசரி சிஸ்டாலிக் பிபி ஒரு குரூப்ல 121.4, இன்னொண்ணுல 136.2, வித்தியாசம் 14.8 எம்எம்எச்ஜி. தினமும் பிபி பாக்கற டாக்டருக்கு இதை விளக்கவே வேண்டாம். வித்தியாசத்தை எஸ்டியால (ஸ்டாண்டர்ட் டீவியேஷன், ஆளுக்கு ஆள் எவ்ளோ சிதறுதுன்னு சொல்றது) வகுத்து ஸ்டாண்டர்டைஸ் பண்ணி, யூனிட் இல்லாம எஃபெக்ட் 0.4ன்னு சொல்லிப் பாருங்க, "அது எத்தனை பாயிண்ட்யா?"ன்னுதான் கேப்பாரு.

டிப்ரஷன் மாதிரி விஷயத்துல ஒரு ஸ்டடி ஹாமில்டன் ஸ்கேல்ல அளந்திருக்கும், இன்னொண்ணு பெக் ஸ்கேல்ல, அப்போ ஸ்டாண்டர்டைஸ் பண்ணாம வழியில்ல. பண்ணிட்டு, கடைசில எல்லாருக்கும் பழகின ஸ்கேலோட எஸ்டியால பெருக்கி பாயிண்ட் கணக்காவே குடுத்துடுவேன்.

பெரிய தலைவலி ± பக்கத்துல இருக்கறது எஸ்டியா எஸ்இயான்னு எழுதாத பேப்பருங்கதான். எஸ்இன்னா ஸ்டாண்டர்ட் எரர், எஸ்டியை ஆளுங்க எண்ணிக்கையோட வர்க்கமூலத்தால வகுத்தா வரும். 100 பேரு, எச்பிஏ1சி (சில மாச சராசரி சுகரைக் காட்டற டெஸ்ட்) 7.4 ± 0.12ன்னு டேபிள்ல இருக்குன்னு வைங்க. அது எஸ்டின்னா அத்தனை பேர்ல கிட்டத்தட்ட எல்லாருக்குமே 7.2க்கும் 7.6க்கும் நடுவுலதான் சுகர் இருக்கணும், ஓபில உக்காந்த யாராவது இதை நம்புவாங்களா? எஸ்இதான் அது, 100க்கு வர்க்கமூலம் 10, பெருக்கினா எஸ்டி 1.2. ஃபிக்ஸட் எஃபெக்ட் முறைல எஸ்டி சின்னதா இருந்தா வெயிட் ஜாஸ்தி, அதனால மாத்தாம அப்படியே ஏத்துனா அந்த ஸ்டடிக்கு மட்டும் நூறு மடங்கு வெயிட் ஏறி, ஸ்டடிக்கு ஒரு கட்டம்னு போடற ஃபாரஸ்ட் ப்ளாட்ல ஒரே ஒரு குண்டு கட்டம், மத்ததெல்லாம் கொசு சைஸ்ல நிக்கும். அதனால எல்லா ஸ்டடியையும் சேக்கறதுக்கு முன்னாடி டேபிள்ல எஸ்டி பத்தியை மட்டும் சார்ட் பண்ணி மேலருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை ஓட்டிடுவேன்.

எச்பிஏ1சில இன்னொரு வம்பு இருக்கு. சதவீதத்தை மில்லிமோல்/மோலா மாத்த 10.93ஆல பெருக்கி 23.5 கழிக்கணும், 7 சதவீதம்னா 53. ஆனா வித்தியாசத்தை மாத்தும்போது பெருக்கறதோட நிறுத்திக்கணும், கழிக்கறது ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போயிடும். 0.9 வித்தியாசம் 9.8 ஆகணும், ஃபார்முலாவை முழுசாப் போட்டா மைனஸ் 13.7ன்னு வந்து சுகரைக் குறைச்ச மருந்து ஏத்துன மாதிரி ஆயிடும்!

ஆஸ்பத்திரில தங்கின நாள் கணக்குக்கு மீன் டிஃபரன்ஸை நான் ரெகமெண்ட் பண்ண மாட்டேன். சராசரி 6, எஸ்டி 8ன்னு போட்டிருந்தா, நாள் மைனஸ்ல போகாதுல்ல, அப்போ டேட்டா ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுதான் இருக்கு. பேப்பர்ல மீடியன் (நடு மதிப்பு) இருந்தா அதைச் சராசரியா மாத்த ஃபார்முலா இருக்கு, ஆனா அதுல பெரும்பாலானது டேட்டா சுமாரா நார்மல்னு (ரெண்டு பக்கமும் சமமாப் பரவினதுன்னு) எடுத்துக்கிட்டுப் போட்டது, இங்க அதுதானே இல்ல.

அப்புறம் ஒரு ஸ்டடி கடைசி ரீடிங் குடுக்கும், இன்னொண்ணு ஆரம்பத்துலருந்து எவ்ளோ மாறுச்சுன்னு குடுக்கும். ஆளுங்களைக் குலுக்கல் மாதிரிப் பிரிச்ச ராண்டமைஸ்டு ட்ரையலா இருந்தா மீன் டிஃபரன்ஸ்ல ரெண்டையும் சேத்துப் போடலாம், நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. ஸ்டாண்டர்டைஸ் பண்ணா அந்த வசதி போச்சு, ரெண்டுக்கும் எஸ்டி வேற வேற, அதால வகுத்தா வர்ற நம்பரும் வேற வேற அளவுல நிக்கும்.